பாடசாலைக்கு வந்த பற்சிகிச்சை

1914ஆம் ஆண்டில் ஐரோப்பாவிற் பெரும்போர் மூண்டபொழுது, உலகின் தென்கோடியிலுள்ள நியூசிலாந்து நாட்டு இளைஞரும் படையிற் சேர முன்வந்தனர். அந்நாட்டின் மக்கள்தொகை அக்காலத்திற் பதினொரு இலட்சம் அளவினதே. பாலும் வெண்ணெயும் இறைச்சியும் குறைவின்றிக் கிடைத்த நாடு அது. மேய்ச்சல் நிலங்களில் உழைத்து உரமேறிய உடலினர் அதன் இளைஞர். ஆயினும், அவர்களைச் சோதித்த இராணுவ வைத்தியர்கள் வாயைத் திறக்கச் சொன்னபோது வேறொரு காட்சியைக் கண்டனர். பலருடைய பற்கள் சூத்தையுற்றுச் சிதைந்திருந்தன. சிலருக்கு அந்த வயதிலேயே பற்கள் இல்லை. பதுங்கு குழியிற் கிடைக்கும் கடினமான பிஸ்கற்றை மெல்ல இயலாதவனைப் போருக்கு அனுப்பிப் பயன் என்ன? தோளும் மார்பும் திரண்டிருந்தும், பல்லின் காரணமாகப் பலர் தகுதியற்றவர் எனத் திருப்பப்பட்டனர். இக்குறையைத் தீர்ப்பதற்கென்றே 1915இல் நியூசிலாந்து அரசு இராணுவத்துக்குத் தனியான பற்சிகிச்சைப் படையொன்றை அமைக்க நேர்ந்தது.

ஒரு நாட்டின் நலிவு அதன் வாயில் தெரியும் என்பது இவ்வாறாகப் போர்க்காலத்தில் வெளிப்பட்டது. நலிவோ நெடுநாளையது. தேநீரிற் சேர்ந்த சீனியும், பிள்ளைகளின் கையிற் கிடைத்த இனிப்பும், மாவுப் பண்டங்களும் ஒருபுறம்; பல் வைத்தியரிடம் போவதற்கான செலவும் தூரமும் மறுபுறம். வலி பொறுக்க முடியாமற் போனபின்னரே மக்கள் வைத்தியரை நாடினர். நாடியபோது செய்யக்கூடியது பல்லைப் பிடுங்குதல் ஒன்றே. திருமணத்துக்கு முன்னர், அல்லது இருபத்தோராவது வயது நிறைந்ததும், பெண்ணின் பற்களை எல்லாம் பிடுங்கிவிட்டுப் பொய்ப்பல் கட்டிவிடுவது முன்யோசனையுள்ள செயல் எனக் கருதிய குடும்பங்களும் அங்கு இருந்தன. பிரித்தானியாவிலும் இவ்வழக்கம் இருந்ததுண்டு. வருங்காலக் கணவனுக்குப் பல் வைத்தியச் செலவு மிச்சம் என்பது கணக்கு. தமிழர் மணப்பெண்ணுக்குப் பொன்னகை பூட்டி அனுப்புவர். அவர்கள் பொய்ப்பல் பூட்டி அனுப்பினர்.

இதற்குப் பரிகாரம் குழந்தைப் பருவத்திலேயே தொடங்கவேண்டும் என்பதை அந்நாட்டுப் பல் வைத்தியர்கள் அறியாமலில்லை. 1913இலேயே அவர்களுடைய சங்கத்தின் தலைவராயிருந்தவர், அரசாங்கமே பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சிகிச்சை நிலையங்களை நிறுவிப் பல் வைத்தியர்களை அங்கே நியமிக்கவேண்டும் என்று யோசனை கூறினார். யோசனை நல்லதுதான். ஆனால் வைத்தியர்களுக்கு எங்கே போவது? டனிடின் நகரில் ஒட்டாகோப் பல்கலைக்கழகத்தின் பல் வைத்தியக் கல்லூரி 1907இல்தான் தொடங்கியிருந்தது. அதிலிருந்து ஆண்டுதோறும் வெளிவந்தோர் தொகை சிறிது. வந்தவர்களும் பட்டினங்களிலே தனித் தொழில் நடத்தி நன்றாகப் பொருளீட்ட வாய்ப்பிருக்கையில், சொற்பச் சம்பளத்துக்குக் கிராமப் பாடசாலையில் அழுகின்ற பிள்ளைகளோடு மல்லுக்கட்ட விரும்புவரா? அதன்பின் போரும் வந்தது. யோசனை கடதாசியில் கிடந்தது.

அதைக் கடதாசியிலிருந்து எடுத்தவர் தோமஸ் அன்டர்சன் ஹன்ரர் என்பவர். 1863இற் பிறந்த இவர் தாமும் ஒரு பல் வைத்தியர். பல் வைத்தியர் சங்கத்தின் மூத்த உறுப்பினர். போர்க்காலத்தில் இராணுவப் பற்சிகிச்சைப் படையின் பணிப்பாளர். ஆயிரக்கணக்கான இளைஞரின் வாயைப் பார்த்து அலுத்த கண்கள் அவருடையவை. போர் முடிந்தபின் 1920இற் சுகாதார இலாகா புதுக்கி அமைக்கப்பட்டது. அதில் பற்சுகாதாரத்துக்கெனத் தனிப் பிரிவொன்று ஏற்பட்டது. ஹன்ரர் அதன் தலைமையை ஏற்றார்.

அவர் கண்ட வழி எளியது. எளியதாயிருந்த காரணத்தினாலேயே துணிச்சல் மிக்கது. குழந்தையின் வாயில் வரும் நோய்கள் எத்தனை? பெரும்பாலும் சூத்தை ஒன்றே. அதற்குச் செய்யவேண்டியது யாது? பல்லைத் துப்புரவாக்குதல், சூத்தையைத் துளைத்து நீக்கி அடைத்தல், காக்க முடியாத பாற்பல்லைப் பிடுங்குதல், பல்லைப் பேணும் முறையைக் கற்பித்தல் ஆகிய இவ்வளவே. இச்சில வேலைகளைத் திறம்படச் செய்வதற்குப் பல்கலைக்கழகத்தில் நாலைந்து ஆண்டு கற்று, தாடை எலும்பின் அறுவைச் சிகிச்சை வரையில் அனைத்தையும் அறிந்த ஒருவர் வேண்டியதில்லை. கல்வியறிவும் கைந்நயமும் பொறுமையும் உள்ள இளம்பெண்களைத் தெரிந்தெடுத்து இரண்டே ஆண்டு பயிற்றினாற் போதும். அவர்களைப் பாடசாலை வளவுக்கே அனுப்பிவிடலாம். பிள்ளை வைத்தியரைத் தேடிப் போகவேண்டாம்.

இவ்வெண்ணத்தின் ஒரு பாதி முன்னரே அமெரிக்காவில் முளைத்திருந்தது. கனெற்றிக்கட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட் நகரில் அல்பிரட் போன்ஸ் என்ற பல் வைத்தியர் 1913இல் பெண்களைப் பயிற்றத் தொடங்கி, பின்னர் அவர்களைப் பாடசாலைகளில் பிள்ளைகளின் பற்களைத் துப்புரவாக்கவும் சுகாதாரம் போதிக்கவும் அமர்த்தினார். ஆனால், துளைகருவியை அவர்கள் தொடக்கூடாது. அந்த எல்லையை ஹன்ரர் தாண்டினார். சண்டையும் அவ்வெல்லையிலேயே மூண்டது.

வைத்தியரல்லாத ஒருவர், அதிலும் இரண்டாண்டு படித்த ஒரு பெண், உயிருள்ள பல்லைத் துளைப்பதா என்று தொழிலாளர் மத்தியில் எதிர்ப்பு எழுந்தது. பிள்ளைகளுக்குத் தீங்கு நேரும் என்றனர். தரம் தாழ்ந்த வைத்தியத்தை அரசே வழங்குவதா என்றும் கேட்டனர். இக்கேள்விகளை முற்றாகப் பொறாமையிற் பிறந்தவை என ஒதுக்கிவிடுவது நீதியன்று. பயிற்சியற்ற போலிப் பல் வைத்தியர்களை ஒழித்து, தொழிலுக்குச் சட்டபூர்வமான மதிப்பைத் தேடித் தந்த தலைமுறையினர் அவர்கள். அரும்பாடுபட்டுக் கட்டிய வேலியில் அரசே ஒரு படலையைத் திறந்தால் அச்சம் வருவது இயல்பு. ஆயினும், வேலிக்குள் இருந்தவர்களின் வருமானத்தைப் பற்றிய கவலையும் அவ்வச்சத்தோடு கலந்திருந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை.

விடயம் பல் வைத்தியர் சங்கத்தின் சிறப்புக் கூட்டத்துக்கு வந்தது. நாடெங்கும் நூற்றுக்கணக்கான பல் வைத்தியர் இருந்தும் அன்று வாக்களித்தோர் இருபத்து மூவரே. பதினாறு பேர் திட்டத்தை ஆதரித்தனர், எழுவர் எதிர்த்தனர். இன்னும் பத்துப்பேர் அன்று இரயிலேறி அக்கூட்டத்துக்கு வந்திருப்பாராயின் உலகப் பற்சுகாதார வரலாறு வேறு விதமாக எழுதப்பட்டிருக்கக்கூடும். எதிர்ப்பைத் தணித்தவை ஹன்ரர் ஒப்புக்கொண்ட நிபந்தனைகள். தாதியர் அரசாங்க சேவையில் மட்டுமே இருப்பர். தனித் தொழில் நடத்தார். பாடசாலைப் பிள்ளைகளையன்றிப் பிறரைத் தொடார். வைத்திய அதிகாரியின் மேற்பார்வைக்கு உட்படுவர். தங்கள் ஆற்றலுக்கு மிஞ்சிய நோயைக் கண்டால் பல் வைத்தியரிடம் அனுப்பிவிடுவர்.

1921இல் ஏறக்குறைய முப்பது இளம்பெண்கள் வெலிங்டன் நகரிற் பயிற்சி தொடங்கினர். பாடசாலைப் பல் தாதியர் என்பது அவர்களுக்குச் சூட்டப்பட்ட பெயர். 1923இல் முதற் குழுவினர் பயிற்சி முடித்து ஊர்களுக்குப் புறப்பட்டனர். மின்சாரம் எட்டாத ஊர்கள் பல. ஆகையால் தையல் இயந்திரத்தைப் போலக் காலால் மிதித்து ஓட்டும் துளைகருவியை அவர்கள் பயன்படுத்தினர். ஒரு கால் மிதித்துக்கொண்டிருக்க, உடல் அசையாமல், கை ஒரு குழந்தையின் வாய்க்குள் மயிரிழை பிசகாது இயங்கவேண்டும். இதைச் செய்து பார்த்தாலன்றி அதன் அருமை தெரியாது. ஊரவர்களும் சும்மா இருக்கவில்லை. பெற்றோர் குழுக்கள் கூடிச் சிகிச்சை நிலையத்தின் செலவில் ஒரு பங்கைத் திரட்டிக் கொடுத்தன. அரசு தாதியையும் கருவியையும் தந்தது. இப்படி ஊருக்கும் அரசுக்கும் இடையே பங்குபோட்ட பொறுப்பே இச்சேவை விரைவிற் பரவியதற்கு ஒரு காரணம். வரி கட்டுவோன் தன் ஊர்ப் பாடசாலை வளவிற் சிறு கட்டடமொன்று எழுவதைக் கண்ணாற் கண்டான்.

அக்கட்டடத்தைப் பற்றிப் பிள்ளைகள் கொண்டிருந்த கருத்து வேறு. வெள்ளைச் சீருடையும் தலையில் வெள்ளை முக்காடும் சிவப்புக் கம்பளி மேற்சட்டையும் அணிந்த தாதி வகுப்பறை வாசலில் வந்து நின்று பெயரை அழைப்பாள். அழைக்கப்பட்ட பிள்ளையின் முகம் வெளிறும். மற்றவர்கள் பெருமூச்சு விடுவர். அக்கட்டடத்துக்கு மாணாக்கர் இட்ட பெயர் 'கொலை வீடு'. தலைமுறை தலைமுறையாக நியூசிலாந்தர் நாவில் நிலைத்துவிட்ட பெயர் அது. மெதுவாகச் சுழலும் துளைகருவி வலியைத் தந்தது. விறைப்பு மருந்து இல்லாமலே பெரும்பாலும் பல் துளைக்கப்பட்டது. அழாமலிருந்த பிள்ளைக்குத் தாதி பஞ்சுச் சுருளில் ஒரு வண்ணத்துப்பூச்சியோ வண்டோ செய்து கையிற் கொடுத்தனுப்புவாள். அறுபது ஆண்டு கழிந்தபின்னும் முதியோர் சிலர் அப்பஞ்சுப் பூச்சியை நினைவுகூருவர். துளைகருவியின் ஓசையையும் மறவார்.

இச்சேவையைப் புகழ்வோர் பலர் இப்பகுதியைத் தாண்டிச் சென்றுவிடுவர். அது சரியன்று. ஆறு திங்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையின் வாயையும் பார்த்து, காணப்பட்ட ஒவ்வொரு புள்ளியையும் துளைத்து அடைத்த வேகத்தில், அடைக்க வேண்டாத பற்களும் அடைபட்டன. எத்தனை பல் அடைத்தாள் என்பதே தாதியின் உழைப்பை அளக்கும் கோலாயிருந்தமையும் அதற்கு ஒரு காரணம். தொடக்கநிலைச் சூத்தையைத் துளைக்காமல் கண்காணித்தாற் போதும் என்ற கொள்கை 1970களிலேயே அங்கு உறுதிப்பட்டது. எனினும், இச்சேவையின் முன்னும் பின்னும் உள்ள வேறுபாடு எவருக்கும் புலப்பட்டது. முன்னர் வலி வந்தபின் பிடுங்கப்பட்ட பற்கள், பின்னர் வலி வருமுன் அடைக்கப்பட்டன. கிராமத்துப் பிள்ளைக்கும் நகரத்துப் பிள்ளைக்கும், செல்வர் வீட்டுப் பிள்ளைக்கும் கூலியாளின் பிள்ளைக்கும் ஒரே கதிரை, ஒரே தாதி.

1938இல் நியூசிலாந்து சமூகப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றி, வைத்தியசாலைச் சிகிச்சை முதலியவற்றை மக்கள் உரிமையாக்கியது. 1940இல் வெலிங்டனில் தாதியருக்கெனப் பெரிய பயிற்சிக் கல்லூரியும் சிகிச்சை நிலையமும் திறக்கப்பட்டன. 1947இல் பாடசாலைத் தாதியின் பொறுப்பைக் கடந்த வளரிளம் பருவத்தினருக்கும் அரசு செலவில் பல் வைத்தியரிடம் சிகிச்சை பெற வழி பிறந்தது. ஆனால், வளர்ந்தோரின் பல் மட்டும் சட்டத்துக்கு வெளியே நின்றுவிட்டது. கையும் காலும் கண்ணும் குடலும் மக்கள் உரிமைக்குள் அடங்க, வாய் மட்டும் தனிச்சொத்தாக விடப்பட்ட இவ்விநோதம் நியூசிலாந்துக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கா 1965இல் முதியோருக்கென மெடிகேர் என்னும் காப்புறுதியை ஏற்படுத்தியபோதும் வழக்கமான பற்சிகிச்சையை அதிற் சேர்க்கவில்லை.

சேர்த்துப் பார்த்த நாடு பிரித்தானியா. 1948 ஜூலை 5ஆம் திகதி அங்கு தேசிய சுகாதார சேவை தொடங்கியது. பற்சிகிச்சையும் பொய்ப்பல்லும் கட்டணமின்றிக் கிடைக்கும் என அறிந்ததும் மக்கள் வெள்ளமெனத் திரண்டனர். ஆண்டுக்கணக்கில் வலியைப் பொறுத்தவர்கள், பிறர் கழற்றிய பொய்ப்பல்லை மாட்டிக்கொண்டவர்கள், பல்லின்றியே உண்டு பழகியவர்கள் என எல்லோரும் வந்தனர். மதிப்பிட்ட தொகையைச் செலவு வெகுதூரம் தாண்டியது. கொரியப் போரை ஒட்டிய ஆயுதச் செலவு பெருகவே, 1951 ஏப்ரலில் நிதியமைச்சர் கெயிற்ஸ்கெல் பொய்ப்பல்லுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் பாதிக் கட்டணம் விதித்தார். சேவையைப் பெற்றெடுத்த அனாயரின் பெவன் அதனை ஏற்காது அமைச்சர் பதவியைத் துறந்தார். ஹரல்ட் வில்சனும் உடன் விலகினார். ஒரு பேரரசின் அமைச்சரவை பொய்ப்பல்லால் பிளவுண்டது என்று நகைத்தோர் உளர். நகைப்புக்குரியது அதில் ஒன்றுமில்லை. பெவனுக்கு முன்னால் நின்ற வினா, நோயுற்றவனிடம் வாசலிற் காசு கேட்பதா என்பதே.

வெலிங்டன் முறையைப் பார்க்கப் பிற நாட்டார் வரத் தொடங்கியதும் இக்காலத்திலேதான். 1949இல் மசாச்சுசெட்ஸ் மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. போஸ்டன் நகரின் போர்சைத் நிலையத்தில் சில பெண்களுக்குப் பிள்ளைகளின் பல்லைத் துளைத்து அடைக்கும் பயிற்சியை ஐந்தாண்டு பரீட்சையாக அளிக்க அச்சட்டம் இடமளித்தது. அமெரிக்கப் பல் வைத்தியர் சங்கம் வெகுண்டெழுந்தது. மறு ஆண்டு ஜூலையில் அச்சட்டம் நீக்கப்பட்டது. பரீட்சை நடக்குமுன்னரே முடிவு எழுதப்பட்டுவிட்டது. 1951இல் ஜோன் புல்ரன் என்பார் நியூசிலாந்துச் சேவையை ஆராய்ந்து எழுதிய அறிக்கையை உலக சுகாதார நிறுவனம் வெளியிட்டு, அம்முறையின் பயனை உலகறியச் செய்தது. அமெரிக்காவில் அதைப் படித்தோர் இருந்தனர். பின்பற்றத் துணிந்தோர் இல்லை.

ஆசியாவில் நிலை வேறு. இங்கே பல் வைத்தியர்களுக்கு இழக்கப் பெரிய சந்தை இருக்கவில்லை. பல் வைத்தியர்களே மிகச் சிலர். மலாயாவில் 1949இலேயே பினாங்கில் பல் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கிவிட்டது. 1950 சனவரியில் பொதுநலவாய நாடுகளின் வெளிநாட்டமைச்சர்கள் கொழும்பிற் கூடினர். அக்கூட்டத்திற் பிறந்த கொழும்புத் திட்டத்தின் கீழ், செல்வ நாடுகள் தத்தமக்கு இயன்ற உதவியை ஆசிய நாடுகளுக்கு வழங்கின. அணைக்கட்டும் ஆலையும் கட்டிக் கொடுக்கத்தக்க பெருநாடன்று நியூசிலாந்து. அதனிடம் இருந்தது தான் செய்து பார்த்த ஒரு வித்தை. அந்த வித்தையை இலங்கைக்குத் தந்தது. மகரகமையில் பாடசாலைப் பல் தாதியர் பயிற்சி நிலையம் 1950களில் நியூசிலாந்தின் உதவியோடு எழுந்தது.

இலவசக் கல்வி 1945இல் நடைமுறைக்கு வந்திருந்த நாட்டில், பிள்ளைகள் பெருந்தொகையாகப் பாடசாலைக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. பிள்ளை எங்கே இருக்கிறதோ அங்கே சிகிச்சை இருக்கவேண்டும் என்ற ஹன்ரரின் எண்ணம் இதைவிடப் பொருத்தமான நிலத்தில் விழுந்திருக்க முடியாது. பயிற்சி பெற்ற பெண்கள் பாடசாலை வளவுகளில் அமைந்த சிகிச்சை நிலையங்களுக்கு அனுப்பப்பட்டனர். தாதி என்ற பெயர் பின்னாளில் மாறி, பாடசாலைப் பற்சிகிச்சையாளர் என்றாயிற்று. ஆலங்குச்சியும் வேப்பங்குச்சியும் கொண்டு பல் தீட்டிய மரபு குறைந்து, இனிப்பும் மென்பானமும் பெருகிய பிற்காலத்தில் அவர்களின் வேலை கூடியதே தவிரக் குறையவில்லை.

இலங்கை இம்முறையைப் பெற்றதோடு நில்லாது, தன் வழியில் ஓரடி மேலும் எடுத்து வைத்தது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்போடு புகையிலையையும் சேர்த்து மெல்லும் வழக்கம் இந்நாட்டில் வாய்ப்புற்றுநோய்க்குப் பெருங்காரணம். ஆண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் அது முன்னணியில் நிற்பது. நோய் தொடக்கத்தில் வலிப்பதில்லை. கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டாகத் தோன்றும். முரசில் ஆறாத புண்ணாகவும் இருக்கும். வலி வந்து வைத்தியசாலைக்கு வரும்போது காலம் கடந்துவிடும். 1980களின் முற்பகுதியில் இலங்கை ஆய்வாளர்கள் கிராமங்களில் ஏற்கெனவே வீடு வீடாகச் செல்லும் அடிப்படைச் சுகாதாரப் பணியாளர் முப்பத்து நால்வருக்கு இத்திட்டுக்களை இனங்காணச் சிறு பயிற்சி அளித்தனர். ஓராண்டுக்குள் அவர்கள் 28,000க்கு மேற்பட்டோரின் வாயைச் சோதித்தனர். ஆயிரத்துக்கு மேற்பட்டோரிடம் ஐயத்துக்குரிய குறிகளைக் கண்டு மேற்சோதனைக்கு வழிகாட்டினர். வைத்தியரல்லாத கண்ணும் பயிற்றினாற் காணும் என்பது நிறுவப்பட்டது. ஆனால் வழிகாட்டப்பட்டோரில் ஏறக்குறையப் பாதிப் பேரே சிகிச்சை நிலையத்துக்குப் போயினர். ஒரு நாட் கூலியை இழந்து, பேருந்துக் கூலியும் கொடுத்து, வலியில்லாத ஒரு திட்டைக் காட்டுவதற்காக வரிசையில் நிற்க எத்தனை பேரால் முடியும்? சிகிச்சைக்குக் கட்டணமில்லை என்று சொல்வதோடு அரசின் கடமை முடிந்துவிடுவதில்லை என்பதற்கு அந்த ஆய்வின் இவ்விரண்டாம் பகுதி சான்று.

நியூசிலாந்துத் தாதியரின் கதையில் இன்னுமொரு பக்கம் உண்டு. பெண்களைத் தெரிந்தெடுத்ததற்கு அவர்கள் குழந்தைகளோடு பழகும் இயல்பினர் என்று காரணம் கூறப்பட்டது. குறைந்த சம்பளத்துக்கு வேலை செய்வர் என்பதும், மணமானதும் விலகிவிடுவதால் சம்பள உயர்வோ ஓய்வூதியமோ அரசுக்குப் பாரமாகாது என்பதும் உரத்துக் கூறப்படாத காரணங்கள். சிக்கனமான சேவை என்று உலகம் வியந்த சேவையின் சிக்கனம் யாருடைய பையிலிருந்து வந்தது என்பதை வியந்தோர் கேட்கவில்லை. கேட்டவர்கள் தாதியரே. 1974இல் அவர்கள் வெலிங்டன் வீதிகளில் அணிவகுத்து நாடாளுமன்றத்தை நோக்கி நடந்தனர். ஐம்பது ஆண்டுக்கு மேல் பிள்ளைகளைச் 'சத்தம் போடாதே' என்று அடக்கியவர்கள் அன்று தாமே குரல் எழுப்பினர்.

அதே 1974இல் கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணம் இம்முறையைக் கைக்கொண்டது. பரந்த சமவெளியிற் சிதறிக் கிடந்த ஊர்களின் பாடசாலைகளில் சிகிச்சை நிலையங்கள் எழுந்தன. மிகப் பெரும்பாலான பிள்ளைகள் அவற்றிற் சேர்ந்தனர். பெற்றோர் மகிழ்ந்தனர். 1987இல் ஆட்சியிலிருந்த வேறொரு கட்சி செலவைக் காரணங் காட்டிச் சேவையை ஒரேயடியாக மூடியது. நூற்றுக்கணக்கான சிகிச்சையாளர் வேலையிழந்தனர். பாடசாலை நிலையங்களின் கருவிகள் அகற்றப்பட்டன. பதின்மூன்று ஆண்டில் வளர்ந்ததை அழிக்கச் சில கிழமைகள் போதுமாயிருந்தன. பல் வைத்தியர் தனித் தொழில் நடத்தாத ஊர்களிலே பிள்ளைகள் மீண்டும் நீண்ட வழி பயணம் செய்யலாயினர்.

அமெரிக்காவில், மசாச்சுசெட்ஸ் சட்டம் மடிந்து அரை நூற்றாண்டுக்குப் பின்னர், எவரும் எதிர்பாராத ஓரிடத்திற் கதவு திறந்தது. அலாஸ்காவின் பழங்குடி மக்கள் வாழும் சிற்றூர்கள் பலவற்றுக்கு வீதி கிடையாது. சிறு விமானத்திலோ படகிலோ பனிச் சறுக்கு வண்டியிலோதான் செல்லவேண்டும். பல் வைத்தியர் ஆண்டில் ஓரிரு முறை வந்து சில நாள் தங்கி, இயன்றவரை பல்லைப் பிடுங்கிவிட்டுத் திரும்புவார். கடையிற் கிடைக்கும் இனிப்புப் பானமோ ஆண்டு முழுவதும் கிடைக்கும். பிள்ளைகளின் பற்கள் நாட்டின் சராசரியைவிடப் பலமடங்கு கெட்டிருந்தன. பழங்குடி மக்களின் சுகாதார அமைப்பினர் தம்மூர் இளைஞரையே பயிற்றத் தீர்மானித்தனர். ஆனால், அமெரிக்கா முழுவதிலும் இப்பயிற்சியை அளிக்கும் கல்லூரி ஒன்றும் இல்லை. ஆகவே 2003இல் முதற் குழுவினர் உலகின் வடகோடியிலிருந்து தென்கோடிக்குப் பறந்து, டனிடினிலுள்ள ஒட்டாகோப் பல்கலைக்கழகத்தை அடைந்தனர். ஹன்ரர் பிறந்த நகரும் அதுவே.

அவர்கள் பயின்று திரும்பிப் பல்லைத் துளைக்கத் தொடங்கியதும், 1920இல் வெலிங்டனிற் கேட்ட அதே வாதம், ஏறக்குறைய அதே சொற்களில், அலாஸ்காவிற் கேட்டது. அமெரிக்கப் பல் வைத்தியர் சங்கமும் அலாஸ்காச் சங்கமும் 2006இல் வழக்குத் தொடுத்தன. உரிமப்பத்திரமின்றி பல் வைத்தியம் செய்வதாகவும், பழங்குடியினருக்கு இரண்டாந்தர வைத்தியம் வழங்கப்படுவதாகவும் குற்றஞ்சாட்டின. இவ்விரண்டாவது வாதம் கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். ஆனால் அம்மக்களுக்கு அதுவரை கிடைத்த வைத்தியம் எத்தரத்தது என்பதை வழக்குத் தொடுத்தோர் கூறவில்லை. 2007இல் நீதிமன்றம் பழங்குடி அமைப்பின் பக்கம் தீர்ப்பளித்தது. வழக்கு அவ்வாண்டே இணக்கத்தில் முடிந்தது. 2009இல் மின்னசோட்டா மாநிலமும் பற்சிகிச்சையாளர் பணிபுரியச் சட்டம் இயற்றியது. அதன்பின் வேறு சில மாநிலங்களும் அவ்வழியிற் சென்றன. ஒவ்வொன்றிலும் பல ஆண்டு வாதாட்டத்தின் பின்னரே.

2022இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, வாய் நோய்களால் பீடிக்கப்பட்டோர் உலகில் ஏறக்குறைய 350 கோடிப் பேர் என மதிப்பிட்டது. அதற்கு முந்திய ஆண்டு அந்நிறுவனத்தின் பேரவை வாய்ச் சுகாதாரம் பற்றிய தீர்மானத்தை நிறைவேற்றி, பற்சிகிச்சையை அனைவருக்குமான சுகாதாரப் பாதுகாப்பினுள் அடக்குமாறு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. நியூசிலாந்திற் பதினெட்டு வயது நிறையும் வரை பற்சிகிச்சைக்குக் கட்டணமில்லை. அந்தப் பிறந்தநாளுக்கு மறுநாள் பல் வலித்தால் இளைஞன் தன் பணப்பையைத் தடவிப் பார்க்கவேண்டும். 1938இல் விடுபட்ட அந்த ஒரு பகுதியைச் சேர்க்கவேண்டும் என்ற கோரிக்கை அங்கு தேர்தல்தோறும் எழுந்துகொண்டிருக்கிறது.